கடலுக்குள் போய் வந்த சண்முகர்

திருச்செந்தூருக்கு வடக்கே வீரபாண்டியன்பட்டினம், தெற்கே ஆலந்தலை. இரண்டும் பரதவர் ஊர்கள். போர்த்துக்கீசியர் காலத்தில் கத்தோலிக்கம் தழுவியவை. நடுவே, அலை வந்து மோதும் கரையில் முருகன் கோயில். 1640-களின் கடைசியில் டச்சுப் படை இந்தக் கோயிலுக்குள் நுழைந்தது ஏன் என்பதை விளங்கிக்கொள்ள, இந்த இருப்பிடத்தை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

காரணம் முத்து. அக்காலத்தில், கடலடிப் பார்களில் சிப்பி விளைந்து முத்துக்குளிப்புச் சலாபம் கூடும் ஆண்டில் கரை முழுக்கத் தோணியும் பந்தலுமாக இருக்கும். குளியாளி கல்லின்மேல் கால் வைத்து, மூச்சை அடக்கிக் கடலடிக்கு இறங்குவார். தோணியில் கயிறு பிடித்திருப்பவர் கையில்தான் அவர் உயிர். அந்த முத்தின்மேல் மதுரை நாயக்கருக்கும் போர்த்துக்கீசியருக்கும் உரிமை இருந்தது. 1640-இல் இலங்கையின் காலிக் கோட்டையைப் பிடித்த டச்சுக் கம்பெனி, எதிர்க்கரையிலும் கண் வைத்தது. மதுரையை ஆண்ட திருமலை நாயக்கரோடு பகை முற்றியது. செந்தூர்க் கோயிலுக்கோ கடலோரத்திலேயே வலுவான கல் மதில், பக்கத்தில் நாழிக்கிணற்றின் நல்ல தண்ணீர். படை தங்க இதைவிட வசதியான இடம் இந்தக் கரையில் ஏது?

கோயிலையே கோட்டையாக்கிக்கொண்டவர்கள், போகும்போது சண்முகர், நடராசர் திருமேனிகளையும் கொண்டுபோனார்கள். நடுக்கடலில் புயல் வர, பயந்துபோய்ச் சிலைகளை நீரில் இறக்கிவிட்டார்கள் என்பது கோயில் மரபு. நாயக்கரின் அதிகாரியாக நெல்லைச் சீமையில் இருந்த வடமலையப்ப பிள்ளையின் கனவில் முருகன் வந்து, எலுமிச்சம்பழம் மிதக்கும் இடத்தில், மேலே கருடன் வட்டமிடும் இடத்தில் தேடச் சொன்னாராம். அப்படியே கிடைத்த சண்முகர் 1653-இல் மீண்டும் கோயிலுக்கு வந்தார் என்கிறார்கள்.

கோயில் டச்சுக்காரர் வசம் இருந்தது வரலாறு. எலுமிச்சையும் கருடனும் பக்தி சொல்வது. அதை அளந்து பார்க்க எனக்கு விருப்பமில்லை. என் மனம் நிற்பது வேறிடத்தில். வடமலையப்பரைப் போற்றும் இந்தக் கதை, நீருக்குள் மூழ்கியவர்களைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. கடலடியில் கிடக்கும் சிலையை எடுத்துவர இந்தக் கரையில் யாரால் முடியும்? சிப்பிக்காக மூச்சடக்கிப் பழகிய குளியாளிகளால்தான். முதலில் சண்முகரைத் தொட்டுத் தூக்கியவை அவர்கள் கைகளாகத்தான் இருக்கும் என்று நம்புகிறேன்.

செந்தூரில் கூட்டம் மூலவரைப் பார்த்த கையோடு நகர்ந்துவிடுகிறது. அடுத்த முறை போகும்போது, தெற்கு நோக்கி நிற்கும் சண்முகர் சன்னிதியில் ஒரு நிமிடம் கூடுதலாக நில்லுங்கள்.