கொள்ளிவட்டமும் ட்ரேசர் தோட்டாவும்: வான்போர் விளையாட்டுகளில் மெய்த்தோற்றம் யாருடைய கண்ணுக்கு?

ஐப்பசியில் அகரம் முத்தாலம்மன் திருவிழாவின் வாணவேடிக்கையைக் காணத் திண்டுக்கல்லின் சுற்றுவட்டார ஊர்களெல்லாம் திரண்டு வரும். எல்லாரும் அண்ணாந்து பார்த்திருக்கும் அந்த நேரத்தில், கூட்டத்தின் ஓரத்தில் ஒரு சிறுவன் கம்பி மத்தாப்பைச் சுழற்றினால் இருட்டில் முழு வட்டம் தெரியும். எரிவது கம்பி நுனியில் ஒரு புள்ளிதான். வட்டம் பார்ப்பவர் கண்ணில் உருவாவது. கௌடபாதர் மாண்டூக்ய காரிகையின் நான்காம் பகுதிக்கு ‘அலாத சாந்தி’ என்று பெயர் வைத்தது இந்தக் கொள்ளிவட்டத்தை எண்ணித்தான். தத்துவத்தில் அது எதை நிறுவுகிறது என்பது இங்கே பேச்சில்லை. கணினித் திரையில் வான்போர் விளையாட்டை உருவாக்குவோர் ட்ரேசர் தோட்டாவைச் சரியாக வரையவேண்டுமானால் முதலில் எதிர்கொள்ள வேண்டிய கேள்வி இந்த வட்டத்தில் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ட்ரேசர் தோட்டாவின் அடிப்பகுதியில் எரிகலவை அடைத்திருக்கும். மக்னீசியத்தோடு ஸ்ட்ரான்சியம் உப்பு சேர்ந்தால் சிவப்பு, பேரியம் உப்பு சேர்ந்தால் பச்சை. மத்தாப்புக்கு நிறம் கொடுக்கும் அதே வேதியியல்தான். வார்ப்பட்டையில் நான்கு சாதாரணத் தோட்டாக்களுக்கு ஒரு ட்ரேசர் என்பது பரவலான வழக்கம். சுடுபவன் தன் குண்டு எங்கே போகிறது என்பதைக் கண்ணால் பார்த்துத் திருத்திக்கொள்ளவே இந்த ஏற்பாடு.

விளையாட்டு ரசிகர்களிடையே நடக்கும் விவாதம் பெரும்பாலும் நிறத்தைச் சுற்றியே வருகிறது. சிவப்பா பச்சையா, தடிமனா மெலிதா, புகை உண்டா இல்லையா என்று சண்டை. இவற்றுக்கு அவர்கள் காட்டும் சான்றுகள் பழைய போர்ப் படச்சுருள்கள். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. 1971 நவம்பர் 22 அன்று வங்காளத்தின் பொய்ரா வானில் இந்திய நாட் விமானங்கள் பாகிஸ்தானின் சேபர் விமானங்களோடு மோதின. அந்த மோதலின் துப்பாக்கிக் கேமராப் படங்கள் இன்றளவும் அச்சில் வந்துகொண்டிருக்கின்றன. அத்தகைய கேமரா, விசை அழுத்தும்போது விமானத்தோடு சேர்ந்து அதிரும். ஒவ்வொரு சட்டகத்துக்கும் ஷட்டர் சிறிது நேரம் திறந்திருக்கும். அந்த இடைவெளியில் எரியும் புள்ளி கோடாக நீளும், அதிர்வினால் கோடு நெளியும். இரண்டாம் உலகப் போர்ச் சுருள்களில் தோட்டா சுருண்டு சுருண்டு போவதுபோலத் தெரிவது இதனால்தான். தோட்டா சுருளவில்லை, கேமரா நடுங்கியது. ஆனால் சில பழைய விளையாட்டுகள் அந்த நெளிவையும் பக்தியோடு வரைந்து வைத்தன. 1991 ஜனவரியில் பாக்தாத் வானம் முழுக்கப் பச்சையாகத் தொலைக்காட்சியில் தெரிந்ததும் இரவுப்பார்வைக் கருவியின் நிறம். அதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இரவுப் போர் என்றாலே பச்சை.

ஆகவே விளையாட்டு எதை மெய்யாகக் காட்ட முயல்கிறது? விமானியின் கண்ணையா, இறக்கையில் பொருத்திய கேமராவையா? இரண்டும் ஒன்றல்ல. விமானி அறைக்குள் ஆட்டக்காரரை உட்காரவைத்துவிட்டுக் கேமரா கண்டதை அவர் கண்முன் வைப்பது, எவ்வளவு அழகாக இருந்தாலும், பிழை என்றே கருதுகிறேன்.

கண்ணின் கணக்கைப் பார்ப்போம். நல்ல வெளிச்சத்தில் கண் ஏறத்தாழ 0.03 நொடி ஒளியைச் சேர்த்துப் பார்க்கிறது. இருட்டில் அது 0.1 நொடி வரை நீள்கிறது. நொடிக்கு 800 மீட்டர் வேகத்தில் கண்ணெதிரே குறுக்காகப் போகும் ட்ரேசர், பகலில் சுமார் 24 மீட்டர் நீளக் கீற்றாகவும் இரவில் சுமார் 80 மீட்டர் நீளக் கீற்றாகவும் தெரியவேண்டும். அதே தோட்டா, அதே வேகம், மூன்று மடங்கு வேறுபாடு. கீற்றின் நீளத்தை ஒரே அளவில் நிறுத்திவைக்கும் விளையாட்டு பகலிலோ இரவிலோ ஒன்றில் தவறியே தீரும். சுடுபவன் தன் தோட்டாவைப் பின்னாலிருந்து பார்க்கிறான் என்பதையும் சேர்த்துக்கொள்ளவேண்டும். அவன் பார்வைக்கோட்டிலேயே அது விலகிப் போவதால் அவனுக்குக் கீற்று இல்லை. சுருங்கிக்கொண்டே போகும் ஒரு பொட்டுதான்.

எதிரில் இருப்பவனுக்குத் தெரிவது இன்னும் விந்தையானது. ட்ரேசர் முதலில் மிதப்பதுபோல மெல்ல வரும், பிறகு கண்ணிமைக்கும் நேரத்தில் பக்கத்தில் பாய்ந்து போகும். கரூர் சாலையில் தாடிக்கொம்பு தாண்டி இரவில் வண்டி ஓட்டியவர்களுக்கு இது புதிதல்ல. எதிர்த்தடத்து லாரியின் முகப்பு விளக்கு வெகுநேரம் ஒரே இடத்தில் நிற்பதுபோல இருக்கும், அருகே வந்ததும் விர்ரென்று கடக்கும். ஒரு குண்டு 20 மீட்டர் பக்கவாட்டில் தவறிப் போகிறது என்று கொள்வோம். காற்றுத்தடையால் குறையும் வேகத்தை இப்போதைக்கு விட்டுவிட்டால், 1,000 மீட்டர் தொலைவில் அது பார்வையில் நொடிக்கு 0.9 பாகைதான் நகர்கிறது. 100 மீட்டரில் அதே குண்டு நொடிக்கு 92 பாகை நகர்கிறது. நூறு மடங்கு! அச்சம் பிறப்பது இந்த மாற்றத்தில்தான், நிறத்தில் அல்ல. விளையாட்டு இதை மட்டும் சரியாகக் காட்டிவிட்டால் மற்ற குறைகளை மன்னிக்கலாம்.

திருப்பத்தின்போது தெரியும் வளைவையும் இதே வரிசையில் வைக்கிறேன். நொடிக்கு 15 பாகை திரும்பும் விமானத்திலிருந்து கிளம்பிய தோட்டா, கீழ்நோக்கிய சரிவு நீங்கலாக, நேராகத்தான் போகிறது. ஆனால் ஒரு நொடிக்குப் பின் விமானத்தின் மூக்கு 15 பாகை விலகியிருக்கும். எனவே தோட்டா வரிசை குழாயிலிருந்து பீய்ச்சிய தண்ணீர்போல வளைந்து தெரியும். ஒவ்வொரு தோட்டாவையும் தனிப்பொருளாகக் கணக்கிடும் விளையாட்டில் இந்த வளைவு தானாக வந்துவிடும். வரைபவர் எதுவும் செய்யவேண்டியதில்லை.

கண் காண்பதையே காட்டவேண்டும் என்பதற்கு எதிராகச் சொல்லப்படும் வலுவான வாதம் திரையைப் பற்றியது. 12.7 மி.மீ. தோட்டாவின் பின்புறச் சுடர் ஐந்து சென்டிமீட்டர் அகலம் என்றே வைத்துக்கொண்டாலும், 300 மீட்டரில் அது ஒரு பாகையின் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. 90 பாகைக் காட்சியை 1,920 படப்புள்ளிகளில் விரிக்கும் திரையில் ஒரு புள்ளியே ஏறத்தாழ 0.05 பாகை. சுடர் ஒரு புள்ளியைக்கூட நிரப்பாது. நேரில் அது கண்ணை உறுத்துவது பரப்பால் அல்ல, பிரகாசத்தால். திரைக்கோ, தான் காட்டும் பகல் வானத்தைவிட மிகப் பிரகாசமாக எதையும் காட்ட வலுவில்லை. ஆகவே உருவாக்குநர்கள் பிரகாசத்தில் பட்ட கடனைத் தடிமனில் அடைக்கிறார்கள், சுற்றிலும் ஒளிவட்டம் பூசுகிறார்கள். இந்த வாதத்தை ஒப்புக்கொள்கிறேன். தடிமனில் சலுகை தரலாம். திரையால் காட்ட முடிந்த வேகத்திலும் வடிவத்திலும் அந்தச் சலுகையைக் கேட்பதற்கு நியாயம் இல்லை.

ட்ரேசரே இல்லாமல் சுடுவதும் மெய்ம்மைதான். எரிய எரிய எடை குறைவதாலும், அடியிலிருந்து வெளியேறும் வாயு காற்றுத்தடையைக் குறைப்பதாலும் ட்ரேசரின் பாதை சாதாரணத் தோட்டாவின் பாதையிலிருந்து விலகும். அதை நம்பிக் குறிபார்த்தால் குறி தப்பும். தவிர, சுடப்படுவதை எதிரிக்கும் அது அறிவித்துவிடும். இரண்டாம் உலகப் போரில் விமானிகள் பலர் அதைக் கைவிட்டது இதனால்தான். வார் தண்டர் விளையாட்டில் ட்ரேசர் இல்லாத தோட்டாவரிசையைத் தேர்ந்துகொள்ள வழி உண்டு. மெய்ம்மை குறித்த நல்ல முடிவுகளில் ஒன்றாக அதைச் சொல்வேன்.

2007 ஏப்ரல் 29 அதிகாலை, உலகக் கோப்பை இறுதி ஆட்டத்துக்காக விழித்திருந்த கொழும்பில் மின்சாரம் துண்டிக்கப்பட்டது. விடுதலைப் புலிகளின் இலகு விமானங்களை நோக்கி வான் எதிர்ப்புத் துப்பாக்கிகள் முழங்கின. அத்தகைய இரவைப் படமெடுக்கும் கேமரா சில நொடிகள் திறந்திருந்தால் வானமெங்கும் அறுபடாத ஒளிநாடாக்கள் பதியும். மொட்டைமாடியில் நின்றவர்கள் நாடாவைப் பார்க்கவில்லை. ஒன்றன்பின் ஒன்றாக ஏறி, எரிந்து முடிந்த இடத்தில் அணைந்த பொட்டுகளைப் பார்த்தார்கள். தமிழர்களுக்கு இந்த வானம் ஏட்டில் படித்த செய்தி அல்ல. அந்த இரவுகளைக் கண்ட சாட்சிகள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். படத்தை நம்பி விளையாட்டை மதிப்பிடுவதற்கு முன் அவர்களைக் கேட்கவேண்டும்: எப்போது மெதுவாகத் தெரிந்தது, எப்போது வேகமாக, எந்த இடத்தில் அணைந்தது?

கணினியில் சோதிப்பது எளிது. சுடப்படும் விமானத்தின் அறையிலிருந்து காட்சியைப் பதிவுசெய்து, சட்டகம் சட்டகமாக நிறுத்தி, ட்ரேசர் எத்தனை பாகை நகர்ந்தது என்று அளந்தால் போதும். காட்சிப் பரப்பின் அகலத்தை மட்டும் மறக்காமல் குறித்துக்கொள்ளவேண்டும். 90 பாகை உலகத்தை மேசைமேல் 30 பாகை அளவே தெரியும் திரைக்குள் அடைக்கும்போது, நொடிக்கு 92 பாகை என்பது ஆட்டக்காரரின் கண்ணுக்கு ஏறத்தாழ 30 ஆகிவிடும்.