பேஸ் கிட்டார் (ராக், பங்க் இசையில்)

பேஸ் கிட்டார் என்பது தடித்த நான்கு தந்திகள் கொண்ட, மின்சாரத்தால் ஒலி பெருக்கப்படும் நரம்புக் கருவி. இதன் தந்திகள் வழக்கமாக ஈ, ஏ, டி, ஜி என்ற சுரங்களில், சாதாரண கிட்டாரின் கீழ் நான்கு தந்திகளைவிட ஒரு ஸ்தாயி தாழ்த்திச் சுருதி கூட்டப்படுகின்றன. ராக், பங்க் குழுக்களில் டிரம்ஸின் தாளத்தையும் கிட்டாரின் சுரங்களையும் பிணைத்து நிறுத்துவது இதன் பணி. புகழ்பெற்ற பேஸ் கலைஞர்களில் பலர் இதை ஆசைப்பட்டு எடுத்தவர்கள் அல்லர். குழுவில் வேறு ஆள் இல்லாததால் இக்கருவி அவர்கள் கைக்கு வந்தது. வாசிப்புப் பாணிகளிலும் பல, அப்போதைக்கு இருந்த ஒரு சிக்கலைச் சமாளிக்கப் போய்ப் பிறந்தவையே.

தோற்றம்

1940களின் அமெரிக்க நடனக் குழுக்களில் அடிச்சுரங்களை வாசித்தது டபுள் பேஸ். ஆளுயரம் இருக்கும் அதை ஊர் ஊராகத் தூக்கிச் செல்வது பெரும்பாடு. டிரம்ஸும் மின் கிட்டாரும் முழங்கும்போது அதன் ஓசை எடுபடாது. விரல் வைக்கும் இடத்தைக் காட்டும் மெட்டுகள் கழுத்தில் இல்லாததால் சுருதி பிசகாமல் வாசிக்க நீண்ட பயிற்சியும் வேண்டும். 1930களின் நடுவில் சியாட்டிலைச் சேர்ந்த பால் டட்மார்க், கிட்டார்போல் பிடித்து வாசிக்கக்கூடிய மின் பேஸ் ஒன்றை ஆடியோவாக்ஸ் 736 என்ற பெயரில் செய்தார். அது பரவவில்லை.

1951இல் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் நகரில் லியோ ஃபென்டர் பிரிசிஷன் பேஸை வெளியிட்டார். வானொலிப் பெட்டிகளைப் பழுதுபார்த்துத் தொழிலுக்கு வந்த அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. 34 அங்குலத் தந்தி நீளமும் 20 மெட்டுகளும் கொண்ட அந்தக் கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசிக்கலாம். லயனல் ஹாம்ப்டனின் ஜாஸ் குழுவில் மங்க் மான்ட்கோமரி இதை முதலில் வாசித்தவர்களுள் ஒருவர். எல்விஸ் பிரெஸ்லியின் பேஸ் கலைஞர் பில் பிளாக் 1957இல் டபுள் பேஸிலிருந்து இதற்கு மாறினார். 1960இல் ஃபென்டரின் ஜாஸ் பேஸ் வந்தது. 34 அங்குலம் இன்றுவரை இக்கருவியின் பொது அளவாக நீடிக்கிறது.

1960கள்

பீட்டில்ஸ் குழுவின் முதல் பேஸ் கலைஞர் ஸ்டூவர்ட் சட்கிளிஃப் 1961இல் ஓவியம் பயில்வதற்காக விலகினார். அந்த இடத்தை எவரும் விரும்பவில்லை. கடைசியில் அது பால் மெக்கார்ட்னியின் தலையில் விழுந்தது. ஹாம்பர்க்கில் அவர் வாங்கிய ஹோஃப்னர் 500/1, விலை மலிவானது. வயலின்போல் இருபுறமும் ஒரே வடிவம் கொண்டது. ஆகவே இடக்கைக்காரரான அவர் திருப்பிப் பிடித்தாலும் கோணலாகத் தெரியவில்லை. பேஸில் தனி மெட்டமைக்கும் வழியை அவருக்குக் காட்டியவர்களுள் முக்கியமானவர் டெட்ராய்ட்டின் மோட்டவுன் நிறுவனக் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன். வலக்கையின் ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே வாசித்த ஜேமர்சனின் பெயர் பல ஆண்டுகள் இசைத்தட்டு உறைகளில் இடம்பெறவில்லை. லாஸ் ஏஞ்சலிஸில் கிட்டார் வாசித்துவந்த கேரல் கே, ஒலிப்பதிவு ஒன்றுக்குப் பேஸ் கலைஞர் வராததால் அந்தக் கருவியை எடுத்தார். பின்னர் பீச் பாய்ஸ் உட்பட எண்ணற்ற குழுக்களின் பதிவுகளில் வாசித்தார்.

த ஹூ குழுவில் கீத் மூனின் டிரம்ஸ், தாளத்தை மட்டும் காட்டாமல் பாட்டு முழுக்கப் புரண்டோடும். பீட் டவுன்ஷெண்டின் கிட்டார் அதற்கு மேல் இரையும். இவ்விரண்டுக்கும் நடுவே தன் ஓசை கேட்க வேண்டுமே என்று ஜான் என்ட்விசில் பேஸின் மேல்சுரங்களைத் தேடினார். 1965இல் வெளியான ‘மை ஜெனரேஷன்’ பாட்டில் அவர் வாசித்த தனிப்பகுதி, ராக் இசையில் பேஸுக்குக் கிடைத்த முதல் பெரிய மேடை. அடுத்த ஆண்டு ரோட்டோசவுண்ட் நிறுவனத்துடன் சேர்ந்து, வட்டக் கம்பி சுற்றிய பேஸ் தந்திகளைச் செம்மைப்படுத்தினார். முன்பிருந்த மழமழப்பான தந்திகளின் மந்த ஒலிக்கு மாறாக இவை கணீரென்று ஒலித்தன. பின்னாளைய பங்க், மெட்டல் பேஸ் ஒலிக்கு இதுவே அடித்தளம்.

கட்டைவிரலால் தந்தியை அடித்து வாசிக்கும் ‘ஸ்லாப்’ முறை லாரி கிரஹாமின் கண்டுபிடிப்பு. தாயாரின் குழுவில் டிரம்ஸ் இல்லாமல் போகவே, அந்தக் குறையை அவர் தந்தியை அடித்து நிரப்பினார். ஸ்லை அண்ட் த ஃபேமிலி ஸ்டோன் குழு வழியாக அம்முறை உலகெங்கும் பரவியது.

கனத்த ராக்

பர்மிங்ஹாமின் பிளாக் சபாத் குழுவில் கீஸர் பட்லர் முன்பு கிட்டார் வாசித்தவர். இரண்டாவது கிட்டார் வேண்டாம் என்று குழுவின் கிட்டார் கலைஞர் டோனி அயோமி நினைத்ததால் அவர் பேஸுக்கு மாறினார். தகட்டுத் தொழிற்சாலை விபத்தில் இரு விரல்களின் நுனிகளை இழந்திருந்த அயோமி, வாசிப்பது எளிதாகட்டும் என்று தந்திகளைத் தளர்த்திச் சுருதியைத் தாழ்த்தினார். பட்லரும் உடன் இறங்கினார். 1971இல் வந்த அவர்களின் மூன்றாவது தொகுப்பின் கனத்த ஒலிக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

லெம்மியும் கிட்டாரிலிருந்து வந்தவரே. 1971இல் ஹாக்விண்ட் குழுவில் சேரும்வரை அவர் பேஸைத் தொட்டதில்லை. எனவே ரிக்கன்பேக்கர் பேஸைக் கிட்டார்போலவே கையாண்டு, பல தந்திகளைச் சேர்த்து மீட்டி, மார்ஷல் ஆம்ப்ளிஃபயரில் கரகரக்க விட்டார். 1975இல் அவர் தொடங்கிய மோட்டர்ஹெட், பங்க் ரசிகர்களும் மெட்டல் ரசிகர்களும் ஒருசேரக் கொண்டாடிய அரிய குழு.

பங்க்

நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் 1974இல் உருவான ரமோன்ஸ் குழுவில் பேஸ் வாசித்த டீ டீ ரமோன் முதலில் பாடவும் செய்தார். பாடிக்கொண்டே வாசிக்க வரவில்லை. டிரம்ஸ் அடித்த ஜோயி பாடகரானார், குழுவை நிர்வகித்த டாமி டிரம்ஸுக்குப் போனார். கிட்டார் கலைஞர் ஜானியைப் போலவே டீ டீயும், தந்தியை மீட்டும் பிக்கை மேலிருந்து கீழாக மட்டுமே இழுத்து, ஒரே சுரத்தை இடைவிடாமல் அடித்தார். 1976இல் வந்த முதல் தொகுப்பின் 14 பாட்டுகளும் அரை மணிக்குள் முடிந்துவிடும். அதில் பேஸ் இடது ஒலிபெருக்கியிலும் கிட்டார் வலதிலும் பிரித்துப் பதிவாகியிருப்பதால், கேட்டுப் பழகும் இளைஞர்களுக்கு அதுவே பாடநூல் ஆயிற்று.

லண்டனின் கிளாஷ் குழுவில் பால் சிமனன் ஓவிய மாணவர். வாசிக்கத் தெரியாத நிலையில் சேர்ந்து, சுரங்களின் பெயர்களைக் கருவியின் கழுத்தில் எழுதிவைத்துப் பழகினார். சிறுவயதிலிருந்து கேட்ட ரெகே இசையை அவர் குழுவுக்குள் கொண்டுவந்தார். ‘த கன்ஸ் ஆஃப் பிரிக்ஸ்டன்’ அவர் எழுதிப் பாடியது. 1979 செப்டம்பரில் நியூயார்க் பல்லேடியம் அரங்கில் அவர் பேஸைத் தரையில் அறைந்த கணத்தைப் பென்னி ஸ்மித் படம்பிடித்தார். அது ‘லண்டன் காலிங்’ தொகுப்பின் அட்டைப்படமாயிற்று.

செக்ஸ் பிஸ்டல்ஸ் கதை வேறு. பாட்டுகளை அமைப்பதில் பங்கு கொண்ட பேஸ் கலைஞர் கிளென் மாட்லாக் 1977 பிப்ரவரியில் விலக, சிட் விஷஸ் வந்தார். பங்க்கின் முகமாக அவர் ஆனாலும், அவ்வாண்டு வெளியான தொகுப்பில் பெரும்பாலான பேஸ் பகுதிகளை வாசித்தவர் கிட்டார் கலைஞர் ஸ்டீவ் ஜோன்ஸ்தான்.

பங்க்கிற்குப் பின்

1976 ஜூனில் மான்செஸ்டரில் செக்ஸ் பிஸ்டல்ஸ் நிகழ்ச்சியைப் பார்த்த பின் பீட்டர் ஹூக் பேஸ் வாங்கினார். அவரது ஆம்ப்ளிஃபயர் மட்டமானது; கீழ்ச்சுரங்கள் அதில் கேட்கவில்லை. ஆகவே மேல்ஸ்தாயியில் வாசித்தார். அவர் வாசித்த ஜாய் டிவிஷன் குழுவின் பாட்டுகளில் ராகத்தைப் பேஸ் ஏந்தி வருவது இப்படி அமைந்ததே. டாக்கிங் ஹெட்ஸ் குழுவுக்குப் பேஸ் ஆள் கிடைக்காததால், டினா வெய்மவுத் சூசி குவாட்ரோவின் இசைத்தட்டுகளைக் கேட்டுக் கற்றார். 1986இல் பாஸ்டனில் பிக்ஸீஸ் குழுவின் விளம்பரம் பார்த்து வந்த கிம் டீலிடம் சொந்தப் பேஸ்கூட இல்லை. சகோதரியின் கருவியை இரவல் வாங்கினார்.

கலிஃபோர்னியாவின் மினிட்மென் குழுவில் டி. பூன் கிட்டாரை மெல்லிய, கூர்மையான ஒலியில் வைத்துக்கொண்டு, கீழே இருந்த இடம் முழுவதையும் மைக் வாட்டின் பேஸுக்கு விட்டுக்கொடுத்தார். ஃபியர் என்ற பங்க் குழுவில் வாசித்த ஃப்ளீ, ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸ் குழுவில் ஸ்லாப் முறையையும் பங்க் வேகத்தையும் கலந்தார். 1995இல் ரேன்சிட் குழுவின் மேட் ஃப்ரீமன் ‘மேக்ஸ்வெல் மர்டர்’ பாட்டில் வாசித்த தனிப்பகுதி, பங்க் பேஸுக்கு நுணுக்கம் வராது என்ற பேச்சை முடித்துவைத்தது.

பிற்காலம்

பேஸ் இல்லாத குழுக்களும் தோன்றின. டெட்ராய்ட்டின் ஒயிட் ஸ்ட்ரைப்ஸ், கிட்டாரும் டிரம்ஸும் மட்டும் கொண்ட இருவர் குழு. ஆனாலும் 2003இல் வெளியான ‘செவன் நேஷன் ஆர்மி’யில் ஜாக் ஒயிட் தன் கிட்டாரை மிதிகருவி ஒன்றால் ஒரு ஸ்தாயி தாழ்த்தி, பேஸின் குரலையே வரவழைத்தார். பிரிட்டனின் ராயல் பிளட் இதை அப்படியே திருப்பிப் போட்டது: அதில் இருப்பவை பேஸும் டிரம்ஸும் மட்டுமே, மேல்ஸ்தாயிக் கிட்டார் ஒலியையும் மைக் கெர் பேஸிலிருந்தே எடுக்கிறார். அக்குழுவின் முதல் தொகுப்பு 2014இல் பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது.