இளமையில் மறைந்த இசைவாணர்களும் அவர்தம் எச்சமும்

வாழ்நாளின் நீளத்தைக் கொண்டு ஒருவரின் பெருமையை அளப்பது தமிழர் மரபன்று. வள்ளுவப் பெருந்தகை நிலையாமைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். புகழுக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். உடல் நில்லாது, புகழ் நிற்கும். ஆயினும் புகழ் தானாகவே நிற்பதில்லை. அதனைத் தாங்கி நிற்க ஒரு பற்றுக்கோடு வேண்டும். புலவனின் புகழை ஏடு தாங்குகின்றது. சிற்பியின் புகழைக் கல் தாங்குகின்றது. இசைவாணனின் புகழைத் தாங்குவது எது? பாடி முடித்த கணமே காற்றோடு கலந்துவிடுவது இசை. பாடியவரும் இளம் அகவையிலேயே மறைந்துவிட்டால், எஞ்சுவது என்ன? இவ்வினாவுக்கு விடை காண, இளமையில் மறைந்த இசைவாணர் சிலரின் வரலாற்றை ஒப்பிட்டு நோக்குவோம். இந்நோக்கம் மலாக்காவில் வாழும் நமக்கு வெறும் ஆராய்ச்சி இன்பம் அன்று. நம் தோட்டங்களோடு தொடர்புடைய கடமையும் ஆகும். அது கட்டுரையின் இறுதியில் விளங்கும்.

கிட்டப்பா: இசைத்தட்டும் ஒரு பெண்மணியும்

செங்கோட்டை கங்காதர ஐயரின் மைந்தர் எஸ்.ஜி. கிட்டப்பா 1906ஆம் ஆண்டு பிறந்தார். சிறு வயதிலேயே மேடையேறிய அவர், பின்னர்க் கன்னையாவின் நாடகக் குழுவிற் சேர்ந்து 'தசாவதாரம்' முதலிய நாடகங்களால் தமிழகமெங்கும் பெயர் பெற்றார். அக்காலத்து நாடக மேடையில் ஒலிபெருக்கி இல்லை. கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவனுக்கும் எட்டுமாறு உயர்ந்த சுருதியிற் பாடவேண்டும். கிட்டப்பாவின் குரல் அவ்வாறு பாடியும் இனிமை குன்றாதது. 1926இல் கொழும்பில் கொடுமுடி கே.பி. சுந்தராம்பாளோடு இணைந்து நடிக்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. மறு ஆண்டு இருவரும் மணம் புரிந்துகொண்டனர். சங்கரதாச சுவாமிகளின் 'வள்ளி திருமண'த்தில் அவ்விருவரும் பாட்டுக்குப் பாட்டு எதிர்நின்றதைக் கேட்கவே மக்கள் திரண்டனர். 1933ஆம் ஆண்டு திசம்பர் 2ஆம் நாள், தம் 27ஆம் அகவையில், கிட்டப்பா மறைந்தார்.

அவர் எந்தத் திரைப்படத்திலும் நடித்தாரல்லர். முதல் தமிழ்ப் பேசும்படமெனப்படும் 'காளிதாஸ்' 1931இல்தான் வெளிவந்தது. எனவே அவர் நின்ற நிலையையும் நடந்த நடையையும் நாம் காண வழியில்லை. நமக்கு எஞ்சியவை இரண்டு. ஒன்று, இசைத்தட்டு. மின்வழி ஒலிப்பதிவு 1925இல் மேலைநாட்டில் நடைமுறைக்கு வந்தது. அதனை அடுத்த ஆண்டுகளே கிட்டப்பாவின் புகழ் ஓங்கிய ஆண்டுகள். தியாகராசரின் 'எவரனி' கீர்த்தனையும் இராமலிங்க அடிகளாரின் அருட்பாவும் அவர் குரலில் இன்றும் ஒலிப்பது அதனாலேயே. ஆனால் அத்தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே ஓடும். இரவு முழுதும் பாடிய ஒருவரின் கலையில் மூன்று நிமிடத் துணுக்குகளே நமக்குக் கிடைத்துள்ளன என்பதை மறத்தலாகாது.

மற்றொன்று, சுந்தராம்பாள் அம்மையாரின் வாழ்வு. கணவர் மறைந்தபோது அம்மையாருக்கு அகவை 25. அன்று முதல் வெண்ணிற ஆடையையே உடுத்தினார். ஆடவரோடு இணையாக நடிப்பதில்லை என உறுதி பூண்டார். 'பக்த நந்தனார்' படத்தில் ஆண் வேடமேற்று நடித்து, அந்நாளில் ஓர் இலட்சம் ரூபாய் ஊதியம் பெற்றார். 1953இல் 'ஔவையார்' ஆனார். 1958இல் சென்னைச் சட்டமன்ற மேலவையில் உறுப்பினரானார். 1980இல் மறையும் வரை, 47 ஆண்டுகள், அவ்வெண்ணிற ஆடையைக் கண்டோரெல்லாம் கிட்டப்பாவை நினைந்தனர். 27 ஆண்டு வாழ்ந்தவரை 47 ஆண்டு நினைவில் நிறுத்தியது ஒரு மனித உள்ளம். இசைத்தட்டுக்கும் இயலாத செயல் இது.

வசந்தகோகிலம்: தட்டு உண்டு, தாங்குவார் இல்லை

என்.சி. வசந்தகோகிலம் 1919இல் கொச்சி நாட்டில் இரிஞ்ஞாலக்குடாவிற் பிறந்தவர், இயற்பெயர் காமாட்சி. நாகப்பட்டினத்தில் இசை பயின்று, சென்னைக்குக் குடிபெயர்ந்து, 1938இல் சென்னை சங்கீத வித்வத் சபையின் போட்டியில் முதற்பரிசு பெற்றார். டைகர் வரதாச்சாரியார் 'மதுரகீதவாணி' எனப் பட்டம் அளித்துப் பாராட்டினார். 1944இல் வெளிவந்து, மூன்று தீபாவளிகளைக் கண்டு ஓடிய 'ஹரிதாஸ்' படத்திலும் நடித்தார். எலும்புருக்கி நோய் அவரை 1951இல், 32ஆம் அகவையில், கவர்ந்து சென்றது.

இவரோடு டி.கே. பட்டம்மாளை ஒப்பிட்டுக் காண்க. இருவரும் பிறந்த ஆண்டு ஒன்றே. பட்டம்மாள் 2009 வரை வாழ்ந்து, மாணவியர் பலரை உருவாக்கி, வானொலி, இசைத்தட்டு, ஒலிநாடா, குறுந்தட்டு எனக் கருவிகள் மாறிய காலமனைத்தையும் கண்டவர். கோகிலத்திற்கோ மாணாக்கர் மரபொன்றை வளர்க்கக் காலம் இடந்தரவில்லை. சுந்தராம்பாள் கிட்டப்பாவுக்கு வாய்த்தது போல், நினைவை வாழ்நாளெல்லாம் சுமந்து நிற்கும் புகழ்மிக்க துணையும் அமையவில்லை. ஆகவே அவருக்கு எஞ்சியவை அரக்குத் தட்டுகளும் சில படங்களுமே. கீழே விழுந்தால் உடையும் அத்தட்டுகளைப் பேணியோர் இசையன்பர் சிலரே. இன்று அவர் குரலைக் கேட்கும் எவரும், இவரை ஏன் நாம் முன்பே அறிந்தோமில்லை என வினவுவர். திறமையிற் குறைவில்லை, தாங்கி நின்ற கைகளே குறைவு.

இளமையிலே இறந்தமையாற்றான் புகழ் வந்தது என்பாரும் உளர். மேலைநாட்டார் 27ஆம் அகவையில் மறைந்த ஜிம்மி ஹென்ட்ரிக்ஸ், ஜானிஸ் ஜோப்ளின் முதலியோரை ஒரு வரிசையாக வைத்துப் பேசுவதும் இவ்வெண்ணத்தாலேயே. இருவரும் 1970இல் மறைந்தவர்கள். ஆனால் சாவு புகழைத் தருமாயின், கோகிலத்தின் பெயர் பட்டம்மாளின் பெயரினும் ஓங்கி ஒலித்திருக்க வேண்டுமன்றோ? அவ்வாறு நிகழவில்லை. சாவு இரக்கத்தைத் தரும். நிலைபேற்றைத் தருவது வேறு.

ஏடும் மாணாக்கரும்

இசைத்தட்டு தோன்றாக் காலத்தில் மறைந்தோர் நிலை யாது? ஆஸ்திரிய நாட்டு ஷூபர்ட் 1828இல் 31ஆம் அகவையில் மறைந்தார். அறுநூற்றுக்கு மேற்பட்ட பாடல்களை இசையமைத்தவர் அவர். மறைந்து பத்தாண்டு கழிந்தபின், ஷூமன் என்னும் இசைவாணர் அவருடைய தமையன் பெர்டினாண்டின் இல்லத்தில் கையெழுத்துச் சுவடிகளிடையே ஒரு பேரிசைப் படைப்பைக் கண்டெடுத்தார். 1839இல் மெண்டல்சன் அதனை லைப்சிக் நகரில் அரங்கேற்றினார். முற்றுப்பெறாத மற்றொரு படைப்போ, எழுதத் தொடங்கிய 1822க்குப் பின் 43 ஆண்டுகள் காத்திருந்து 1865இல்தான் அரங்கேறியது. ஏடு காத்திருக்க வல்லது. ஆனால் காத்திருக்கும் ஏட்டைக் கறையான் அரிக்காமற் காக்க ஒரு தமையனும், தேடிச் செல்ல ஒரு ஷூமனும் வேண்டும்.

நம் இசையோ பெரிதும் செவிவழி வளர்ந்தது. கும்பகோணம் சரப சாஸ்திரி 1872இற் பிறந்து 1904இல், 32ஆம் அகவையில் மறைந்தார். கண்பார்வையற்ற அவர், புல்லாங்குழலைக் கருநாடக இசையரங்கின் நடுவிடத்தில் அமர்த்திய பெருமைக்குரியவர். அவர் குழலோசையை நாம் கேட்க இயலாது. எனினும் அது அழியவில்லை. அவர் மாணவர் பல்லடம் சஞ்சீவ ராவ் 1962 வரை வாழ்ந்து, ஆசிரியரின் வழியை அடுத்த தலைமுறைக்கு வழங்கினார். ஆசிரியர் மறைந்தபோது மாணவர்க்கு அகவை 22. ஓர் ஆசிரியர் ஒரு மாணவரைச் செம்மையாகப் பயிற்றினால், அவ்வாசிரியரின் வாழ்நாள் இரு மடங்காகிறது. தமிழாசிரியர்கள் இதனை எண்ணிப் பார்த்தல் தகும்.

நம் நாட்டுச் சான்று

மலேசியராகிய நாம் பி. ரம்லியை மறத்தல் இயலாது. 1929இற் பினாங்கிற் பிறந்து, 1973இல் 44ஆம் அகவையில் மறைந்தவர் அவர். பணி மஜும்தார் என்னும் இந்தியர் இயக்கிய 'ஹங் துவா' படத்தில் மலாக்காவின் மாவீரனாக நடித்தவரும் அவரே. அப்படத்தின் இசைக்கு 1956ஆம் ஆண்டு ஆசியத் திரைப்பட விழாவிற் பரிசு கிடைத்தது. 1964இற் சிங்கப்பூரை விட்டுக் கோலாலம்பூருக்கு வந்தபின் அவருடைய புகழ் தேய்ந்தது. இறுதி ஆண்டுகளில் வறுமையும் புறக்கணிப்பும் அவரைச் சூழ்ந்தன. மறைந்த பின்னரோ, 1982இல் தலைநகரின் சாலையொன்று அவர் பெயர் தாங்கியது. 1986இல் அவர் வாழ்ந்த இல்லம் நினைவகமாயிற்று. 1990இல் 'டான் ஸ்ரீ' விருது வழங்கப்பெற்றது. நாடே முன்வந்து அவர் நினைவைச் சுமந்தது. அது காலந்தாழ்ந்து வந்த சிறப்பு என்பது உண்மை, எனினும் வந்தது.

இவற்றை ஒருங்கே நோக்குங்கால் ஓர் உண்மை புலனாகும். கிட்டப்பாவைத் தட்டும் துணைவியும் தாங்கினர். ஷூபர்ட்டை ஏடு தாங்கிற்று. சரப சாஸ்திரியை மாணவர் தாங்கினார். ரம்லியை நாடு தாங்கிற்று. கோகிலத்திற்குத் தட்டு மட்டுமே இருந்தது. ஆதலால் அவர் பெயர் மங்கிற்று. கருவி எதுவாயினும், அதனை ஏந்தும் ஒரு மனிதக் கை இன்றியமையாதது.

மலாக்காத் தோட்டங்களில்

இனி நம் மண்ணுக்கு வருவோம். 1896இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் தான் சே யான் என்னும் சீனப் பெருவணிகர் இரப்பரைத் தோட்டப் பயிராக நட்டார். கிட்டப்பா பிறந்த 1906இல் அம்மரங்களுக்கு அகவை பத்து. தொடர்ந்து ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களெங்கும் தோட்டங்கள் பரந்தன. கங்காணி முறையில் வந்த தமிழர், பெட்டியில் இரண்டு துணியும் நெஞ்சில் இருநூறு பாட்டுமாக வந்தனர் என்பது மிகையன்று. தாலாட்டும் ஒப்பாரியும் தெம்மாங்கும் கும்மியும் உறுமி மேளமும் அவர்களோடு கப்பலேறின. 1938இல் இந்திய அரசு தொழிலாளரை அனுப்புவதை நிறுத்தியபின், அப்பாட்டுகள் இங்கேயே பிறந்தோர் வாயில் வளர்ந்தன.

அடியேன் சிறுவனாயிருந்த அறுபதுகளில், ஜாசின் பகுதித் தோட்டமொன்றில் மாரியம்மன் திருவிழாவின் மூன்றாம் இரவு 'வள்ளி திருமணம்' நடக்கும். வேலனாக நின்றவர் இருபத்து நான்கு அகவையுடைய பால்வெட்டுத் தொழிலாளி. கிராணியார் வீட்டுக் கிராமபோனில் ஒலித்த கிட்டப்பாவின் தட்டைச் சன்னலுக்கு வெளியே நின்று கேட்டுப் பயின்றவர். விடியுமுன் பெரட்டுக் களத்தில் நிற்க வேண்டுமே என்ற கவலையின்றி இரவெல்லாம் பாடுவார். அடுத்த ஆண்டுத் திருவிழாவுக்கு அவர் இல்லை, காய்ச்சல் கொண்டுபோயிற்று. அவர் குரலை எவரும் பதிவு செய்யவில்லை. தாமே கட்டிச் சேர்த்த பாட்டுகளை எவரும் எழுதி வைக்கவில்லை. அத்தோட்டம் துண்டாடப்பட்டது, பின்னர்ச் செம்பனை வந்தது, லயங்கள் இடிந்தன, மக்கள் பட்டணத்து அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்தனர். அவரை நினைப்போர் இன்று நால்வரோ ஐவரோ. செங்கோட்டைப் பாடகரின் குரல் கடல் கடந்து எங்கள் தோட்டத்தை அடைந்தது. எங்கள் தோட்டத்துப் பாடகரின் குரல் தோட்டத்து வாயிலைக்கூடத் தாண்டவில்லை. இருவரும் இளமையில் மறைந்தவர்களே. இடையிலுள்ள வேற்றுமை பதிவும் பேணுதலுமே.

மலாக்கா நகரிலேயே மற்றொரு பாடமும் உண்டு. மலாக்காச் செட்டிகள் எனப்படும் பழந்தமிழ் வணிகர் வழியினர் தமிழ்மொழியை இழந்து மலாய் பேசுகின்றனர். ஆயினும் 1781இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் ஆலயம் இன்றும் அவர்களுடையது. திருவிழாவும் சடங்கும் தவறாமல் நடைபெறுகின்றன. மொழி போயிற்று, ஆலயம் தாங்கிய வழக்கம் நின்றது. தாங்குவோர் இருப்பின் இருநூறு ஆண்டும் ஒரு பொருட்டன்று. தாங்குவோர் இல்லையேல் ஒரு தலைமுறையே போதும், அனைத்தும் அழிய.

ஆகவே தமிழாசிரியர்களே, மாணவமணிகளே! ஒரு குறிப்பேடு எடுங்கள். உங்கள் பாட்டியார், அண்டை வீட்டு முதியவர், கோயிற் பூசாரியார் ஆகியோரிடம் அமருங்கள். பாட்டு ஒரு பக்கம். பாடியவர் பெயர் ஒரு பக்கம். தோட்டமும் ஆண்டும் ஒரு பக்கம் என எழுதுங்கள். இன்று கைப்பேசியிலேயே குரலைப் பதிவு செய்யலாம்; மூன்று நிமிடம் என்ற எல்லையும் இல்லை. பதிவு செய்தால் மட்டும் போதாது; அப்பாட்டில் ஒன்றையேனும் கற்றுப் பள்ளி விழாவிற் பாடுங்கள்; பாடுமுன் அதனைப் பாடியவரின் பெயரைச் சொல்லுங்கள்.

கிட்டப்பாவுக்குச் சுந்தராம்பாள் இருந்தார். சரப சாஸ்திரிக்குச் சஞ்சீவ ராவ் இருந்தார். பால்மரக் காட்டில் பாடி மறைந்த அவ்விளைஞருக்கு நம்மையன்றி யார் உளர்?