விமான நிறுவன இணைப்புகளும் போட்டி ஆணையமும்

இந்தியாவில் விமான நிறுவனங்களின் முதல் பெரிய இணைப்பை நடத்தியது அரசே. 1953இல் வந்த விமானக் கழகங்கள் சட்டத்தின்படி எட்டு உள்நாட்டு நிறுவனங்கள் ஒன்றாக்கப்பட்டு இந்தியன் ஏர்லைன்ஸ் உருவானது. வெளிநாட்டுச் சேவை ஏர் இந்தியா இன்டர்நேஷனலிடம் போனது. ஏகபோகத்தை நிறுவுவதே நோக்கம் என்பதால், போட்டி குறையுமா என்று கேட்க அங்கே யாருக்கும் வேலையில்லை. அச்சட்டம் 1994இல் நீக்கப்பட்டது.

அடுத்த இணைப்பு அலை 2007இல் எழுந்தது. ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் 1,450 கோடி ரூபாய்க்கு ஏர் சஹாராவை வாங்கியது. ஆகஸ்டில் ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் ஒரே அரசு நிறுவனமாயின. அதே ஆண்டு கேப்டன் கோபிநாத்தின் ஏர் டெக்கான் பங்குகளை கிங்ஃபிஷர் வாங்கத் தொடங்கியது. உள்நாட்டில் ஐந்தாண்டு பறந்தவர்களுக்கே வெளிநாட்டு அனுமதி என்பது அன்றைய விதி. 2003இல் தொடங்கிய டெக்கானுக்கு அந்தத் தகுதி 2008இல் கிடைக்கவிருந்தது. கிங்ஃபிஷருக்கு அது பெரிய கவர்ச்சி.

இந்த மூன்றையும் போட்டி நோக்கில் முன்கூட்டியே ஆராயும் அமைப்பு அப்போது இயங்கவில்லை. 1969ஆம் ஆண்டின் ஏகபோகத் தடுப்புச் சட்டத்தில் இருந்த முன்அனுமதி விதி 1991 சீர்திருத்தத்தில் போய்விட்டது. அதற்கு மாற்றான போட்டிச் சட்டம் 2002இலேயே நிறைவேறியும், இணைப்புகளைப் பற்றிய அதன் பிரிவுகள் 2011 ஜூன் 1 அன்றுதான் நடைமுறைக்கு வந்தன. காவல்காரர் பணியில் சேருமுன் சந்தை கைமாறிவிட்டது.

விமானத் துறையில் இந்தியப் போட்டி ஆணையத்தின் முதல் பெரிய சோதனை 2013இல் வந்தது. அபுதாபியின் எதிஹாட், ஜெட் ஏர்வேஸின் 24 சதவீதப் பங்கை ஏறத்தாழ 2,058 கோடி ரூபாய்க்கு வாங்க முன்வந்தது. நிறுவனங்களின் மொத்த அளவைக் காட்டிலும் வழித்தடமே இத்தகைய ஆய்வின் அடிப்படை அலகு. மும்பையிலிருந்து அபுதாபி செல்ல வேண்டியவருக்கு டெல்லி–லண்டன் விமானம் எவ்வளவு மலிவாக இருந்தாலும் பயனில்லை. ஆகவே ஒவ்வொரு நகர இணையையும் தனிச் சந்தையாகக் கொண்டு, இணைப்புக்குப் பின் அங்கே எத்தனை போட்டியாளர்கள் மிஞ்சுவார்கள் என்று பார்க்கிறார்கள். நேரடி விமானத்துக்கு வேறு ஊரில் மாறிச் செல்லும் விமானம் ஈடாகுமா, அருகிலுள்ள இன்னொரு விமான நிலையம் மாற்றாகுமா என்பவையே பெரும்பாலும் வழக்கின் முடிவைத் தீர்மானிக்கின்றன. 2013 நவம்பரில் பெரும்பான்மை உறுப்பினர்கள் ஒப்புதல் தந்தனர். ஒருவர் மாற்றுக் கருத்து எழுதினார். லண்டன் ஹீத்ரோவில் ஜெட்டுக்கு இருந்த நேர ஒதுக்கீடுகளை வாங்கியதை உரிய காலத்தில் தெரிவிக்காததற்காக எதிஹாட்டுக்கு ஒரு கோடி ரூபாய் அபராதம் விழுந்தது. அந்த அளவு நிறுவனத்துக்கு அது பெயரளவுத் தண்டனைதான்.

இணைப்போ போட்டி ஆய்வோ ஒரு நிறுவனத்தின் எதிர்காலத்துக்கு உத்தரவாதமல்ல. கிங்ஃபிஷர் 2012இலும் ஜெட் 2019இலும் சேவையை நிறுத்தின. நட்டத்தில் மூழ்கிய ஏர் இந்தியா 2022 ஜனவரியில் டாடா குழுமத்துக்குக் கைமாறியது.

அவ்வாண்டு நவம்பரில் ஏர் இந்தியா–விஸ்தாரா இணைப்பு அறிவிக்கப்பட்டது. விஸ்தாராவில் டாடாவின் கூட்டாளியான சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்குப் புதிய நிறுவனத்தில் 25.1 சதவீதப் பங்கு. ஆணையம் எளிதில் விடவில்லை. 2023 ஜூனில் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. நிறுவனங்கள் தாமாக அளித்த உறுதிமொழிகளின் பேரில் செப்டம்பர் 1 அன்று ஒப்புதல் வந்தது. சிங்கப்பூரின் போட்டி ஆணையமும் தனியாக ஆராய்ந்தது. டெல்லி, மும்பை, சென்னை, திருச்சி ஆகிய நான்கு நேரடி வழித்தடங்களில் அதற்குக் கவலை இருந்தது. அந்த வழித்தடங்களில் கொரோனாவுக்கு முந்தைய இருக்கை அளவைப் பராமரிப்பதாக உறுதி பெற்று, 2024 மார்ச்சில் அது அனுமதித்தது. இணைப்பு அவ்வாண்டு நவம்பர் 12 அன்று நிறைவேறியது.

இந்த ஆய்வு முறைக்கு ஓர் எல்லை உண்டு. உள்நாட்டுப் பயணிகளில் 60 சதவீதத்துக்கு மேல் சுமக்கும் இண்டிகோ, வேறு விமான நிறுவனத்தை வாங்காமல் தானாகவே அந்த அளவுக்கு வளர்ந்தது. அதனால் அந்த வளர்ச்சி இணைப்பு ஆய்வின் வரம்புக்குள் வரவே இல்லை.