திப்புவின் பெங்களூர் மாளிகை: தர்பார் முதல் அருங்காட்சியகம் வரை

ரிச்சர்ட்ஸ் டவுன் உள்ளிட்ட பெங்களூர்த் தண்டு (கன்டோன்மென்ட்) பகுதி உருவானதற்கு வேர், 1799இல் திப்புவின் தலைநகர் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்ததில் இருக்கிறது. அங்கே தங்கிய ஆங்கிலப் படை காய்ச்சலால் நலிந்தது. 1809 வாக்கில் பெங்களூரில் புதிய தண்டு எழுந்தது. படையோடும் படையை நம்பியும் தமிழர் வந்து குடியேறினர். அந்த வீழ்ச்சிக்கு முந்தைய பெங்களூரைக் காண வேண்டுமானால் கே.ஆர். மார்க்கெட் பக்கம் போக வேண்டும். அங்கே, பழைய கோட்டைக்குள், வெங்கடரமண சுவாமி கோயிலை ஒட்டி நிற்கிறது திப்புவின் கோடை மாளிகை.

1781இல் ஹைதர் அலி தொடங்கிய கட்டடம் இது. திப்பு முடித்த ஆண்டு 1791. அதே ஆண்டு மார்ச் 21 அன்று ஆங்கிலத் தளபதி கார்ன்வாலிஸ் கோட்டையைப் பிடித்துவிட்டான் என்பதால், சுல்தான் இதில் எத்தனை கோடைகள் கழித்திருக்க முடியும் என்ற கேள்வி எழாமலில்லை.

கல் அடித்தளத்தின்மேல் இரண்டு தளங்கள். கல் பீடங்களில் ஊன்றிய தேக்குத் தூண்கள், அவற்றை இணைக்கும் பல்வளைவுகள், தாங்குகட்டைகள், மேல்தளத்தின் கிழக்கிலும் மேற்கிலும் சுல்தான் தர்பார் நடத்திய மாடங்கள், மூலைகளில் அந்தப்புர அறைகள், சுவரில் பூவேலை. சுமை தாங்குவதும் மரம், அழகு தருவதும் மரம். அங்கே பொறித்த வாசகம் ஒன்று இதைச் சொர்க்கமே பொறாமைப்படும் மாளிகை என்கிறது. அரசவைப் புகழ்ச்சிதான், ஆனாலும் வளைவுகளுக்கடியில் நிற்பவருக்கு மிகையாகத் தோன்றாது.

மாளிகை எழுந்த இதே ஆண்டுகளில் திப்பு உஸ்மானிய சுல்தானின் ஒப்புதலையும் உதவியையும் நாடினான். 1786இல் கப்பலேறிய தூதுக்குழு மறு ஆண்டு இஸ்தான்புல்லை அடைந்தது. அதில் பலரைக் கொள்ளைநோய் கொண்டுபோனது. அப்போது சுல்தான் முதலாம் அப்துல் ஹமீதின் அரியணை இருந்த தோப்கப்பி அரண்மனையை 1856இல் அரச குடும்பம் விட்டுப் போனது. 1924இல் துருக்கிக் குடியரசு அதை அருங்காட்சியகமாக்கியது. கருவூலம் கலையாமல் கைமாறியதால் இன்று அங்கே அரசரின் பொருள்களை அரசரின் கூடங்களிலேயே காணலாம்.

மைசூரில் நடந்தது வேறு. ஸ்ரீரங்கப்பட்டணத்துச் செல்வம் சூறையாடப்பட்டது. அங்கிருந்த திப்புவின் அரண்மனையும் இடிபட்டது. அதன் மரங்கள் நீலகிரி ஏறி, 1829இல் அடிக்கல் நாட்டிய உதகை புனித ஸ்டீபன் தேவாலயத்தில் உத்தரங்களாயின. அவ்வூரிலேயே உள்ள தரியா தௌலத் மாளிகை தப்பியது. புள்ளலூரில், அதாவது நம் காஞ்சிபுரத்துக்கு அருகே, 1780இல் ஆங்கிலக் கர்னல் பெய்லி தோற்ற காட்சி அதன் சுவரில் இன்னும் இருக்கிறது.

பெங்களூர் மாளிகையைக் காத்தது குமாஸ்தாக்களின் மேசைகள் என்பேன். 1831இல் மைசூர் ஆட்சி ஆங்கிலக் கமிஷனர்களிடம் போனபின் தலைமைச் செயலகம் இங்கே இயங்கியது. 1868இல் அது அட்டாரக் கச்சேரிக் கட்டடத்துக்கு மாறும்வரை கோப்புகள் குவிந்த கூடத்தை இடிக்க யாருக்கும் தோன்றவில்லை. பின்னாளில் மாளிகை தொல்லியல் துறையின் பொறுப்புக்கு வந்தது, கீழ்த்தளம் அருங்காட்சியகமானது.

காட்சிப்பொருள்களைப் பொறுத்தவரை அது ஏழை அருங்காட்சியகம். திப்புவுக்காகச் செய்த, ஐரோப்பியச் சிப்பாயைக் கவ்வும் மரப்புலியின் மூலம் லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்க, இங்கே வைத்திருப்பது நகல். ஆகவே போகிறவர்கள் பேழைகளை விரைவாகப் பார்த்துவிட்டு, தூண்களுக்கும் விதானத்துக்கும் நேரம் ஒதுக்குங்கள். அங்கே அசல் என்று சொல்லத்தக்கது அந்தக் கட்டடமே.