‘கேஷ்’ என்னும் கடைச்சொல்லும் தமிழ்க் ‘காசு’ம்: ஒரு சொல்வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

கடையில் பொருள் வாங்குவோர் உடனடியாகச் செலுத்தும் பணத்தைக் குறிக்கும் ‘கேஷ்’ என்னும் ஆங்கிலச் சொல், தமிழ்க் ‘காசு’ என்பதன் திரிபு என்னும் கருத்து பரவலாக வழங்குகிறது. ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டலில் இரு வேறு சொற்கள் உள்ளன. அவற்றுள் நாணயப் பெயராக வழங்கியது மட்டுமே தமிழ்வழிப்பட்டது. கடைவழக்குச் சொல் ஐரோப்பிய மூலம் உடையது. இதனை வடிவம், பொருள், பரவிய வழி ஆகிய மூன்று அடிப்படைகளில் இக்கட்டுரை நிறுவுகிறது.

திறவுச்சொற்கள்: காசு, கேஷ், ரொக்கம், கல்லா, கடன்சொல், நாணயவியல்

முன்னுரை

சொற்பிறப்பு ஆய்வில் ஒலியொப்புமை தொடக்கப்புள்ளியாக அமையலாம். முடிவாக அமைய இயலாது. ஒரு சொல் மற்றொரு மொழிக்குச் சென்றது என்று கூற, அது சென்ற வழியும் அதனைக் கொண்டுசென்றோரும் செல்லும்போது அது பெற்றிருந்த பொருளும் காட்டப்பெறல் வேண்டும். ‘கேஷ்’ – ‘காசு’ உறவு இந்த அளவுகோலுக்கு உட்படுத்தப்பட வேண்டிய ஒன்றாகும். இதில் பாதி உண்மை இருப்பதனாலேயே மீதிப் பாதியும் ஆய்வின்றி ஏற்கப்பட்டுவிடுகிறது.

தமிழில் காசு

‘காசு’ தமிழில் தொன்மையான சொல். சங்க இலக்கியத்தில் இது மேகலையில் கோத்த மணியையும் பொற்காசையும் சுட்டுகிறது. குற்றம் என்னும் பொருளும் இதற்கு உண்டு. வெண்பாவின் ஈற்றுச்சீருக்குரிய ‘நாள், மலர், காசு, பிறப்பு’ என்னும் வாய்பாட்டிலும் இச்சொல் இடம்பெறுகிறது. மலையாளம், கன்னடம், தெலுங்கு, துளு ஆகிய மொழிகளிலும் இதன் இனச்சொற்கள் உள்ளன. இதனை வடமொழிக் ‘கர்ஷ’ என்னும் நிறைப்பெயரோடு தொடர்புபடுத்துவோரும் உளர். அக்கருத்து காசு என்பதன் தொலைமூலம் பற்றியது. அது ஐரோப்பியரிடம் சென்ற வரலாற்றை மாற்றுவதன்று.

சோழர் காலத்தில் காசு மதிப்புமிக்க பணமாக இருந்தது. முதலாம் இராசராசன் காலத் தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டுகள், கோயிலுக்கு வைத்த முதலில் காசு ஒன்றுக்கு ஆண்டுதோறும் அரைக்கால் காசு, அதாவது எட்டில் ஒரு பங்கு, பொலிசையாக வரவேண்டும் என வரையறுக்கின்றன. ஐரோப்பியர் வந்த காலத்திலோ இச்சொல் மிகச் சிறிய செப்பு நாணயத்தின் பெயராகச் சுருங்கியிருந்தது. அவர்கள் கடன் பெற்றது இந்தச் சுருங்கிய பொருளையே.

நாணயப் பெயராகச் சென்ற சொல்

இத்தாலியப் பயணி லுதோவிக்கோ தி வார்த்தேமாவின் பயணநூல் 1510இல் ரோமில் அச்சிடப்பெற்றது. விசயநகரப் பேரரசின் நாணயங்களைக் குறிப்பிடுகையில் அவர் ‘காஸ்’ என்னும் செப்பு நாணயத்தையும், அவை 16 சேர்ந்தால் ஒரு ‘தாரம்’ என்பதையும் பதிவு செய்துள்ளார். போர்த்துகீசியர் இச்சொல்லைக் ‘காய்ஷா’ என வழங்கினர். அவர்கள் மொழியில் ‘பெட்டி’ என்னும் பொருளில் அதே வடிவில் ஒரு சொல் முன்னரே இருந்தது. இரு சொற்களும் ஒன்றென மயங்குவதற்கு இதுவே முதற்காரணம் எனலாம். போர்த்துகீசிய வடிவமே ஆங்கிலத்தில் ‘கேஷ்’ ஆயிற்று. யூல், பர்னெல் ஆகியோர் 1886இல் வெளியிட்ட ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதி இவ்வழியையே காட்டுகிறது.

இந்த நாணயப் பெயர் கடற்கரை வணிகத்தோடு விரிந்து பரவியது. தரங்கம்பாடியில் டேனியர் ‘காஸ்’ நாணயங்களையும், புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் ‘காஷ்’ நாணயங்களையும் வெளியிட்டனர். சதுரத்துளை கொண்ட சீனச் செப்பு நாணயத்திற்கும் ஆங்கிலத்தில் இதுவே பெயராயிற்று. சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கணக்குமுறையில் 80 கேஷ் ஒரு பணம். 42 பணம் ஒரு நட்சத்திர வராகன். எனவே ஒரு வராகனுக்கு 3,360 கேஷ். இங்கிலாந்தின் சோகோ நாணயச்சாலையில் 1803இலும் 1808இலும் அடிக்கப்பெற்ற செப்பு நாணயங்களில் ‘20 கேஷ்’ என ஆங்கிலத்திலும், ‘இருபது காஸ்’ எனப் பாரசீகத்திலும் பொறிக்கப்பட்டுள்ளது. ஒரே நாணயத்தில் இரு வடிவங்களும் அருகருகே நிற்பது காசு > கேஷ் என்னும் மாற்றத்திற்கு மறுக்கவியலாத பொருட்சான்று. 1818இல் சென்னை மாகாணத்தில் ரூபாய் அடிப்படை நாணயமானதும் இவ்வழக்கு அங்குத் தளர்ந்தது. திருவிதாங்கூரில் 16 காசு ஒரு சக்கரம் என்னும் முறை 20ஆம் நூற்றாண்டிலும் நீடித்தது. ஆங்கிலத்தில் இச்சொல் இன்று நாணயவியலாரின் கலைச்சொல்லாக மட்டுமே எஞ்சியுள்ளது.

கடைவழக்கில் வாழும் சொல்

இன்றைய கடைச்சொல்லின் வரலாறு வேறு. இலத்தீன் ‘காப்சா’ (பெட்டி), இத்தாலியக் ‘காஸா’, பிரெஞ்சுக் ‘கேஸ்’ என்னும் வரிசையில் அது 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்தை அடைந்தது. முதலில் அது வணிகரின் பணப்பெட்டியைக் குறித்தது. பின்னர் பெட்டியிலுள்ள பணத்தைக் குறித்தது. அதன்பின் கடனுக்கு மாறான உடனடிச் செலுத்துகையைக் குறித்தது. ‘கேஷியர்’ என்னும் சொல்லும் இப்பெட்டியின் வழியே வந்ததாகும். செப்புக்காசின் பெயரிலிருந்து இப்பொருள்வளர்ச்சியை வருவிக்க இயலாது; கடனுக்கு எதிரானது என்னும் கூறு நாணயப் பெயரில் இல்லை.

கலமே அதிலுள்ள பொருளுக்குப் பெயராதல் தமிழருக்குப் புதிதன்று. உருது வழியாக வந்த ‘கல்லா’ பணப்பெட்டியைக் குறித்து, பின்னர் ‘கல்லா கட்டுதல்’ என்னும் வழக்கில் வசூலையே குறிக்கிறது. ஆங்கிலக் ‘கேஷ்’ நடந்த அதே பாதையில் தமிழ்நாட்டுக் கடைத்தெருவில் ‘கல்லா’வும் நடந்துள்ளது.

தமிழுக்குத் திரும்பி வந்ததா?

‘கேஷ்’ தமிழ்ப் பேச்சில் நுழைந்தபோது அது காசின் இடத்தைப் பிடிக்கவில்லை; ‘ரொக்கம்’ என்பதன் இடத்தைப் பிடித்தது. வங்கிக் கணக்கிலுள்ள தொகையையும் ‘கணக்கில் காசு இருக்கிறது’ எனலாம். ஆனால் ‘கேஷா, கார்டா?’ என்னும் கடைக்காரர் வினாவில் கேஷ் கையிலுள்ள பணத்தை மட்டுமே சுட்டும். ‘காசா, கார்டா?’ என்பதைவிட ‘ரொக்கமா, கார்டா?’ என்பதே அவ்வினாவிற்குப் பொருந்திய தமிழாகும். ஆகவே ‘கேஷ்’ என்பதைத் தமிழிலிருந்து சென்று திரும்பிய சொல்லாகக் கொள்வதற்குப் பொருளடிப்படையிலும் இடமில்லை. கேஷியருக்குக் ‘காசாளர்’ என்னும் பெயர் நிலைபெற்றதில் ஒலியொப்புமைக்கும் பங்கு இருக்கலாம். எனினும் ஆக்கச்சொல்லின் வடிவத்தை மூலச்சொல்லின் பிறப்பிற்குச் சான்றாகக் காட்டுவது முறையன்று. அண்மைய ‘கேஷ்பேக்’ வழக்கில் தாளோ நாணயமோ கைமாறுவதே இல்லை. பெட்டியில் பிறந்த சொல் பெட்டியையும் பணத்தாளையும் கடந்து கணக்கு வரவாக மாறியுள்ளது.

முடிவுரை

தமிழ்க் ‘காசு’ ஆங்கிலத்திற்கு நாணயப் பெயராகச் சென்றது. அதற்குப் பயணநூலும் அகராதியும் நாணயமும் சான்றாகின்றன. கடையில் வழங்கும் ‘கேஷ்’ வேறு மூலத்தது. இரண்டையும் ஒன்றாக்கும்போது ஐயத்திற்கு இடமில்லாத முதல் உண்மையும் ஐயத்திற்கு உள்ளாகிறது. தமிழின் கொடையை அதன் எல்லைக்குள் நிறுவுவதே அக்கொடைக்கு வலிமை சேர்க்கும். தமிழிலிருந்து சென்றனவாகக் கூறப்படும் பிற வணிகச் சொற்களையும் வடிவம், பொருள், வழி என்னும் இம்மூன்று அளவைகளால் தனித்தனியே ஆராய்தல் வேண்டும்.