துறைமுகத்துப் புதுப் பாட்டும் முதியோர் செவியும்

திருகோணமலைத் துறைமுகம் எத்தனை நாட்டுக் கப்பல்களுக்கு அடைக்கலம் அளித்தது என்பதை வரலாற்று நூல்கள் விரித்துரைக்கின்றன. அக்கப்பல்களோடு வந்திறங்கிய பாட்டுகளைப் பற்றி அவை பெரும்பாலும் பேசுவதில்லை. கோட்டைக்கு நாள் குறிக்கலாம். போருக்கு நாள் குறிக்கலாம். ஒரு தாளம் எந்நாளில் கரையேறிற்று என்று யாரால் குறிக்க முடியும்?

1960களின் பிற்பகுதியிலும் 1970களிலும் ஈழத்துத் தமிழரிடையே ஒரு புதுவகைப் பாட்டு எழுந்தது. பொப் இசை என்று அதனைப் பலரும் அழைத்தனர். துள்ளிசை என்று தமிழ்ப்பெயர் சூட்டியவரும் உண்டு. கிற்றாரும் பொங்கோவும் துணைநிற்க, நாட்டுப் பேச்சுமொழியிலே, கேட்டவர் கால் தானே தாளமிடும்படி பாடப்பட்ட பாட்டு அது. உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம் இத்துறையின் தந்தை எனப் போற்றப்படுகின்றார். திருகோணமலை தந்த உடன்பிறப்புகள் பரமேஷும் கோணேஷும் ஆவர். பரமேஷின் ‘உனக்குத் தெரியுமா’ என்னும் பாட்டு, இசைத்தட்டு வடிவம் பெற்ற ஈழத்துத் தமிழ்ப் பாடல்களுள் முன்னோடியாக எண்ணப்படுவது. இளைஞர் இப்பாட்டுகளை விரும்பியதில் வியப்பொன்றுமில்லை. அறுபதும் எழுபதும் கடந்தவர்கள், முதலில் முகஞ்சுளித்துப் பின்னர் செவிசாய்த்து, இறுதியில் விரும்பிக் கேட்கத் தலைப்பட்டது எங்ஙனம் என்பதே ஆராயத்தக்கது.

அவர்கள் முகஞ்சுளித்ததற்கு வலுவான காரணம் இருந்தது. ஞானசம்பந்தரின் பதிகம் பெற்ற கோணேசர் கோயிலைப் போர்த்துக்கேயர் 1622ஆம் ஆண்டில் இடித்தனர். 1624இல் அங்கே கோட்டை கட்டினர். முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் அம்மலையில் முழுமையான கோயில் இல்லை. 1950ஆம் ஆண்டில் புதையுண்டிருந்த திருவுருவங்கள் வெளிப்பட்டன. ஊரார் ஒன்றுகூடி ஆலயம் எழுப்பி, 1963இல் குடமுழுக்குக் கண்டனர். அந்தத் தலைமுறையின் முதியோருக்கு அது வாழ்நாட் பேறு. தேவாரமும் நாகசுரமும் மலைமேல் மீண்டும் ஒலிப்பதைக் கேட்டுக் கண்ணீர் உகுத்த செவிக்குள், சில ஆண்டுகளிலேயே கிற்றார் ஒலி வந்து புகுந்தது. இதற்காகவா இத்தனை பாடுபட்டோம் என்று பெரியவர் ஒருவர் நொந்துகொண்டிருப்பாரேல், அவரைக் குறுகிய நோக்கினர் என்று தள்ளிவிடுதல் முறையன்று.

ஆயினும் பாட்டுக்கு ஒரு வாயில் திறந்தே இருந்தது. அது வானொலி. 1950இல் இலங்கை வானொலி வர்த்தக சேவையைத் தொடங்கியபின், தமிழ் இல்லங்களில் வானொலிப் பெட்டி குடும்ப உறுப்பினர்போல் ஆயிற்று. வீட்டுக்கு ஒரு பெட்டி. அதுவும் முன்மண்டபத்தில், பெரியவரின் சாய்மனைக் கதிரைக்கு அருகில். அதனைத் திருப்பும் உரிமை அவருடையது. செய்தி கேட்பார், ஆலயத் திருவிழா நேரடி அஞ்சல் கேட்பார், இவற்றினும் மேலாக மரண அறிவித்தல் கேட்பார். யார் எவ்வூரில் காலமானார், யாருக்கு மாமனார், தகனம் எப்போது என்பவற்றை நாடு முழுவதும் சிதறியிருந்த உறவினருக்கு ஒரே வேளையில் அறிவித்த பணியை அவ்வானொலி நெடுங்காலம் செய்தது. அந்த அறிவித்தலைத் தவறவிடலாகாது என்று பெட்டியை மூடாமல் காத்திருந்தவரின் காதில், முன்னும் பின்னும் ஒலித்த பாட்டு விழாமல் என்ன செய்யும்? சாவுச் செய்திக்காகத் திறந்த செவியிலே துள்ளிசை புகுந்துகொண்டது என்பது இவ்வரலாற்றின் இனிய முரண்.

1970 முதல் 1977 வரை நிலவிய இறக்குமதிக் கட்டுப்பாடுகளும் ஒரு வகையில் துணைபுரிந்தன. தமிழ்நாட்டுத் திரைப்படங்களும் இதழ்களும் வரவு குறைய, உள்நாட்டுக் கலைஞருக்கு மேடையும் ஒலிவாங்கியும் கிட்டின. அதற்குள் மின்கலத்தால் இயங்கும் சிறு வானொலிப் பெட்டிகளும் பரவிவிட்டன. பெட்டி மண்டபத்தை விட்டு அடுக்களைக்கும், கடற்கரை வாடிக்கும், கடைத்தெருத் திண்ணைக்கும் சென்றது.

வாயில் வழியே புகுந்த பாட்டு உள்ளே தங்கியது எதனால்? முதலாவது காரணம் அதன் பேச்சு. திரைப்பாட்டின் தமிழ் அழகியதாயினும் அது வேற்றூர்த் தமிழ். இப்பாட்டுகளிலோ முற்றத்திலும் வேலியோரத்திலும் வழங்கிய சொற்களே இருந்தன. நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’ என்னும் பாட்டில் ஓர் இளைஞன் மாமியிடம் அவள் மகளைப் பற்றி வினவுகின்றான். மாமி, மச்சாள், மருமகன் என்னும் உறவுமுறையில் நம் ஊர்களில் தொன்றுதொட்டு வழங்கிவரும் கேலி அது. அதனை முதியவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. இளமையில் அக்கேலியைத் தானே கேட்டவள் அவள். அவருடைய ‘கள்ளுக்கடைப் பக்கம் போகாதே’ என்னும் பாட்டோ, பெரியவர்கள் நாள்தோறும் திண்ணையிலிருந்து சொல்லிவந்த அறிவுரை. தம் வாக்கையே மெட்டமைத்துப் பிள்ளைகள் பாடும்போது எந்தத் தந்தைதான் சினந்துகொள்வார்!

இரண்டாவது காரணம் தாளம், இதுவே ஆழமானது. இப்பாட்டுகளுள் பலவற்றின் அடித்தளம் பைலா நடை. மும்மூன்று எண்ணிக்கையாக உருண்டோடும் அந்நடையைக் கருநாடக இசையறிந்தோர் திஸ்ரம் என்பர். கும்மியில் கைகொட்டும் நடை அது. காவடிச்சிந்து துள்ளும் நடையும் அதுவே. ஆடி மாதத்தில் காவடி ஆட்டத்தைக் கண்டு, பெண்கள் கும்மி கொட்டக் கேட்டு வளர்ந்த முதியவரின் உடலுக்குள் அந்த மூன்றெண்ணிக்கை முன்னரே குடியிருந்தது. கிற்றார் புதிது, அதன் கீழோடிய நடை பழையது. காது தயங்கிய இடத்தில் கால் முந்திக்கொண்டது.

கடற்றொழில் செய்தோர்க்கு இது இன்னும் எளிதாயிற்று. கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டில், ஒருவர் அடியெடுக்கப் பலர் ஏற்றுப் பாடுவர். பொப் பாட்டிலும் பாடகர் ஓரடி பாட, கூட்டம் மறுமொழிபோல் திருப்பிப் பாடும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் நீர்கொழும்புப் பக்கத்து மீனவர் கிழக்குக் கரைக்கு வந்து தொழில் செய்வது நெடுநாள் வழக்கம். அவர்களது பைலாவும் அவர்களோடு வந்தது. 1940களில் காவற்றுறை அலுவலராயிருந்த வொலி பஸ்தியன் சிங்களத்தில் பைலாவைப் பாமரரும் பாடும் பாட்டாக்கினார். மனோகரன் பாடிப் பரப்பிய ‘சுராங்கனி’ இரு மொழியினரும் கலந்து மகிழ்ந்த பாட்டு. 1977இல் அது ‘அவர் எனக்கே சொந்தம்’ என்னும் திரைப்படத்தின் வழியாகத் தமிழ்நாட்டையும் எட்டியது.

இனி, இந்தப் பைலா எங்கிருந்து வந்தது? இங்கேதான் வரலாறு நம்மை நிறுத்திச் சிந்திக்க வைக்கின்றது. போர்த்துக்கேயரும் அவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்த காப்பிரிகளும் இத்தீவில் விட்டுச்சென்ற கப்ரிஞ்ஞா என்னும் ஆடலிசையே அதன் தாய்வழி. 1639இல் ஒல்லாந்தர் திருகோணமலைக் கோட்டையைக் கைப்பற்றிப் போர்த்துக்கேயரின் ஆட்சியை அகற்றினர். ஆயின் அவர்களது மொழியின் திரிபும் கப்ரிஞ்ஞாவும் மட்டக்களப்பிலும், திருகோணமலையில் பாலையூற்றுப் பகுதியிலும் பறங்கியர் இல்லங்களில் திருமண நாள்களில் வயலின் இசையோடு வாழ்ந்துவந்தன. கோயிலை இடித்தவர் எவரோ, அவர் வழிவந்த தாளத்தையே கோயிலை மீளக் கட்டிய தலைமுறை கேட்டு மகிழ்ந்தது. இதனை மறதி என்பதா, மன்னிப்பு என்பதா? இரண்டும் பொருந்தா. மரவேலையும் தோல்வேலையும் தொழிலாகக் கொண்டு, ஊரின் தமிழையும் பேசி, அயல்வீட்டில் வாழ்ந்த பறங்கியர் எக்கோயிலையும் இடித்தவரல்லர். அவர்களிடமிருந்து வந்த பாட்டு அயல்வீட்டுப் பாட்டாகவே வந்தது.

முதியவர் ஒருவர் புதிய இசைக்கு இடங்கொடுப்பது நம் மரபுக்குப் புறம்பானதென்று எண்ணுவோர், முத்துசுவாமி தீட்சிதரின் தந்தையாரை நினைத்துப் பார்த்தல் நன்று. நூற்றெட்டு இராகதாளமாலிகை இயற்றிய இராமசுவாமி தீட்சிதர் 1735இல் பிறந்தவர். அறுபதை அண்டிய அகவையில் அவர் குடும்பத்தோடு சென்னையை அடுத்த மணலியில் தங்கியிருந்தார். கோட்டைப் படையினரின் பாண்டு வாத்தியம் அக்காலத்துப் புதுமை. அந்த மெட்டுகளில் மூத்த மகன் முத்துசுவாமி வடமொழிச் சாகித்தியம் புனைந்தார். இன்று நோட்டுசுவரம் என வழங்குவன அவை. இளைய மகன் பாலுசுவாமி ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் பயின்றார். திருவாரூரில் ஊறிய முதுபெரும் புலவர் இதனைத் தடுக்கவில்லை. தடுத்திருப்பின் வயலின் நம் கச்சேரி மேடைக்கு வந்த கதை வேறாயிருக்கும். திருகோணமலையும் 1795இல் ஆங்கிலேயர் கைப்பட்டு, 1957 வரை அவர்தம் கடற்படைத் தளத்தைத் தாங்கிய ஊர். பாண்டு வாத்தியம் அங்கும் ஒலித்ததே.

பிறிதொன்றையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். 1970இல் அறுபத்தைந்து அகவையினர் 1905இல் பிறந்தவர். எஸ். ஜி. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் 1926இல் கொழும்பு நாடக மேடையில் சந்தித்தபோது அவருக்கு வயது இருபத்தொன்று. நாடகக் கொட்டகைப் பாட்டைப் பாடித் திரிந்ததற்காகத் தம் தந்தையரிடம் வசைகேட்ட இளைஞர்களே, நரைத்தபின் பேரனின் கிற்றாரைக் குறைகூறியவர்கள். வசை சில காலம் நீடித்தது. பின்னர் அதுவும் தளர்ந்தது.

1983இன் பின் போர் அவ்வூர்களைச் சிதறடித்தது. பரமேஷ் ஜெர்மனியிலும் நித்தி கனகரத்தினம் அவுஸ்திரேலியாவிலும் வாழ்க்கையைத் தொடர்ந்தனர். மனோகரன் 2018இல் சென்னையில் மறைந்தார். பரமேஷின் மகள் பிரபாலினி இசையமைப்பாளராகத் தமக்கென ஒரு பெயர் ஈட்டினார். அன்று துள்ளிசை பாடிய இளைஞர் இன்று தாத்தாக்கள். புலம்பெயர்ந்த நாடுகளின் திருமண மண்டபங்களில் ‘சின்ன மாமியே’ ஒலித்தால் முதலில் எழுபவர் அவர்களே. பேரப்பிள்ளைகளுக்கு அது பழைய பாட்டு. அவர்களது கைபேசியில் வேறொரு தாளம் ஓடுகின்றது. அது என்ன பாட்டு, சற்று உரக்கப் போடு என்று கேட்கும் தாத்தாக்களும் அம்மண்டபங்களில் இல்லாமலில்லை.